எதிர்காலச் சுற்றோட்டம்: இளம் சைக்கிளோட்ட வீரர் போட்டியொன்று பற்றிய வரலாற்று நோக்கு

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் வென்றார், எத்துணை நேர வித்தியாசத்தில் வென்றார் என்பனவற்றை அப்பட்டியல்கள் ஐயமறத் தெரிவிக்கும். எவரெவர் களத்தில் இறங்க அனுமதிக்கப்பட்டனர், எவரெவர் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதை அவை தெரிவிப்பதில்லை. ஒரு போட்டியைச் சமூக வரலாற்றின் கூறாகக் காண விழைபவர், அதன் நுழைவு விதிகளிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குதல் வேண்டும்.

இவ்வகையில் நோக்கத்தக்க போட்டியொன்று 1961 ஆம் ஆண்டு பிரான்ஸில் ஆரம்பிக்கப்பெற்றது. ‘தூர் த லவெனிர்’ என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். ‘எதிர்காலச் சுற்றோட்டம்’ என அதனைத் தமிழிற் கூறலாம். இளம் வீரர்கள் பல நாள்கள், பல கட்டங்களாக, நெடுஞ்சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் துவிச்சக்கரவண்டி செலுத்தும் போட்டி இது. நாளைய வீரரை இன்றே இனங்காணுதல் என்பதே அப்பெயரின் உட்கருத்து. ஆயினும், இப்போட்டியின் அறுபதாண்டு கடந்த வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து, ஒரே பாதையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட இளைஞர்களுக்கு ஒரே எதிர்காலம் காத்திருக்கவில்லை என்பது புலனாகும். சிலருக்கு அது வாயிலாக அமைந்தது. வேறு சிலருக்கு மதிலாக அமைந்தது. இவ்வேறுபாட்டைத் தீர்மானித்ததில் ‘அமெச்சூர்’ என்ற ஒரு சொல்லுக்கும், அச்சொல்லுக்கு வெவ்வேறு சமூகங்கள் வழங்கிய பொருளுக்கும் பெரும் பங்குண்டு. அப்பங்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டவோட்டமும் அதன் பொருளாதாரமும்

எதிர்காலச் சுற்றோட்டத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள, அதன் தாய்ப்போட்டியான ‘தூர் த பிரான்ஸ்’ எனப்படும் பிரான்ஸ் சுற்றோட்டத்தை முதலில் அறிதல் அவசியம். ‘லோத்தோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1903 இல் அப்போட்டியை ஆரம்பித்தது. அப்பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி தெகிராஞ்சு அதனை நடத்தினார். இரண்டாம் உலகப் போரின் முடிவோடு லோத்தோ மறைந்தது. 1946 இல் ஜாக் கொடேயின் தலைமையில் வெளிவரத் தொடங்கிய ‘லெக்கிப்’ என்னும் பத்திரிகை அதன் இடத்தைப் பெற்றது. செய்தியைத் தானே உண்டாக்கித் தானே விற்கும் முறை இது. நாள்தோறும் ஒரு கட்டம் முடிவடைய, நாள்தோறும் ஒரு கதையின் தொடர்ச்சி பத்திரிகைக்குக் கிடைத்தது.

கட்டவோட்டத்தின் விதி எளியது. ஒவ்வொரு நாளும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் கணக்கிடப்பட்டு, இறுதியில் மொத்த நேரம் எவருக்குக் குறைவோ அவர் முதல்வராகிறார். ஆயின் அதனை நடத்தும் முறை எளியதன்று. சமதரையில் விரைந்து செல்லும் வீரர் ஒருவர் செலவிடும் வலிமையின் பெரும்பகுதி காற்றின் எதிர்ப்பை வெல்வதற்கே செலவாகின்றது. மற்றொருவரின் பின்னால் ஒண்டிச் செல்பவர் அதிற் கணிசமான பகுதியை மீதப்படுத்துகிறார். ஆதலால் தலைவன் ஒருவனுக்காகக் காற்றைத் தாங்கவும், நீர் கொண்டு வரவும், வண்டி பழுதுற்றபோது தம் வண்டியைக் கொடுத்துதவவும் ஓர் அணி தேவை. அணிக்கு உணவு, உறைவிடம், வண்டி திருத்துவோர், உதவி வாகனங்கள் என்பன தேவை. தனியொருவன் தன் வலிமையால் மட்டும் வெல்லத்தக்க விளையாட்டு இதுவன்று.

இச்செலவை ஏற்பவர் யார் என்ற வினா இவ்விளையாட்டின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது. தொடக்கத்தில் துவிச்சக்கரவண்டி உற்பத்தியாளர்களே அணிகளை நடத்தினர். அவர்களது செல்வாக்கைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1930 முதல் பிரான்ஸ் சுற்றோட்டம் தேசிய அணிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. 1950 களில் துவிச்சக்கரவண்டிக் கைத்தொழில் நலிவுற, வேறு பொருள்களை விற்போர் அணிகளுக்குப் பணம் வழங்க முன்வந்தனர். 1954 இல் இத்தாலிய அணியொன்று ‘நிவியா’ என்ற சருமக் களிம்பின் பெயரைத் தாங்கி ஓடியமை இம்மாற்றத்தின் முன்னறிகுறியாகும். 1962 இல் பிரான்ஸ் சுற்றோட்டம் மீண்டும் வணிக அணிகளின் கையில் விடப்பட்டது.

‘அமெச்சூர்’ என்ற சொல்லின் சமூக வரலாறு

‘அமெச்சூர்’ என்னும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘விரும்புபவர்’ என்பதே அடிப்படைப் பொருள். பணத்தின் பொருட்டன்றி விருப்பின் பொருட்டு விளையாடுபவர் என அது விரிந்தது. கேட்பதற்கு உயர்ந்த இலட்சியமாகவே இது தோன்றும். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இச்சொல் வர்க்க வேலியாகவே பயன்பட்டது. தேம்ஸ் நதியில் நிகழும் புகழ்பெற்ற ஹென்லி படகோட்டப் போட்டியின் விதிகள், கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் அமெச்சூர் என்ற வரைவிலக்கணத்துக்குப் புறம்பாக்கின. உடலுழைப்பால் வாழ்பவன் உடல் வலிமையில் முறையற்ற சலுகை பெற்றவன் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. உழைக்காமல் வாழத்தக்க வசதியுடையோரே ஊதியம் பெறாமல் பயிற்சி செய்தலும் கூடும் என்பது வெளிப்படை. 1896 இல் மீளத் தொடங்கப்பெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகள் இக்கோட்பாட்டை உலகளாவியதாக்கின.

துவிச்சக்கரவண்டியோட்டமோ தொடக்கத்திலிருந்தே உழைக்கும் மக்களின் விளையாட்டாக வளர்ந்தது. கமக்காரரின் புதல்வர்களும், சுரங்கத் தொழிலாளரும், கட்டட வேலையாளரும் வறுமையிலிருந்து விடுபடும் வழியாக அதனைக் கருதினர். மேற்கு ஐரோப்பிய இளைஞன் ஒருவனுக்கு அமெச்சூர் நிலை என்பது தொழின்முறை ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் முன்கூடமேயன்றி வேறன்று. பிரான்ஸில் ‘சுயாதீன வீரர்’ என்ற இடைப்பட்ட பிரிவும் நிலவியது. அப்பிரிவினர் தொழின்முறையாளராக ஆகிவிடாமலே தொழின்முறையாளருடன் தம் வலிமையைச் சோதித்துப் பார்த்தனர்.

சோவியத் ஒன்றியத்திலும் அதனைச் சார்ந்த நாடுகளிலும் இச்சொல் மற்றொரு பொருளைப் பெற்றது. அங்கே தொழின்முறை விளையாட்டு என்பது முதலாளித்துவத்தின் விளைவு எனக் கூறி நிராகரிக்கப்பட்டது. வீரர்கள் ஏட்டளவில் இராணுவத்தினராக அல்லது மாணவராக இருந்தனர். நடைமுறையிலோ அரசின் ஆதரவில் முழுநேரமும் பயிற்சி பெற்றனர். இவர்களுக்கெனத் தனிச்சிறப்புடைய போட்டியொன்றும் இருந்தது. 1948 இல் வார்சோவுக்கும் பிராக்குக்கும் இடையே ஆரம்பமாகி, 1952 முதல் பேர்லினையும் உள்ளடக்கிய ‘சமாதான ஓட்டம்’ அதுவாகும். அதனையும் பத்திரிகைகளே நடத்தின. ஆயின் அவை கம்யூனிஸ்ட் கட்சிகளின் பத்திரிகைகள். சந்தைக்காயினும் கட்சிக்காயினும் கட்டவோட்டம் பத்திரிகையின் பிள்ளையாகவே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1961: ஒரே பாதை, இரு ஓட்டங்கள்

இவ்வாறு பிளவுண்டிருந்த உலகிலே, பத்திரிகையாளர் ஜாக் மர்ஷான் என்பவரால் எதிர்காலச் சுற்றோட்டம் தோற்றுவிக்கப்பட்டது. தொழின்முறை வீரர் இல்லாத சோவியத் ஒன்றியமும் ஏனைய சோஷலிச நாடுகளும் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் பங்குகொள்ள இயலாதிருந்தன. அவற்றைப் பிரான்ஸின் வீதிகளுக்கு அழைத்து வருதல் இப்போட்டியின் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாகும்.

தொடக்க காலத்தில் இப்போட்டி நடத்தப்பட்ட முறை சுவையானது. பிரான்ஸ் சுற்றோட்டம் நிகழும் அதே நாள்களில், அதே பாதையின் பிற்பகுதியில், தொழின்முறை வீரர் வந்து சேர்வதற்கு முன்னரே இளைஞர்கள் ஓடி முடித்தனர். வீதியோரத்தில் காத்து நின்ற மக்கள் முதலில் எதிர்காலத்தைக் கண்டனர். பின்னர் நிகழ்காலத்தைக் கண்டனர். மூத்தோரின் போட்டி 1962 இல் வணிக அணிகளுக்குத் திரும்பியபோது, இளையோரின் போட்டி தேசிய அணிகளைக் கைவிடவில்லை. இதனால், ஒரு நாட்டின் சட்டையை அணிந்து பிரான்ஸின் மலைகளில் ஏறும் வாய்ப்பு இளையோருக்கே எஞ்சியது. வணிக நிறுவனம் எதனாலும் அறியப்படாத தொலைநாட்டு இளைஞனும் தன் தேசிய அணியின் வழியாக உள்ளே வரத்தக்க வாயிலாக இது அமைந்தது.

முதற் போட்டியில் இத்தாலியரான குயிடோ டி ரோசோ வென்றார். 1967 வரை மேற்கூறிய முறை நீடித்தது. 1968 முதல் இப்போட்டி செப்டெம்பர் மாதத்துக்கு மாற்றப்பட்டுத் தனிப்பாதையில் நிகழலாயிற்று. 1972 முதல் 1979 வரை துவிச்சக்கரவண்டி உற்பத்தி நிறுவனமான பேஜோவின் பெயரையும், 1986 முதல் 1990 வரை ஐரோப்பிய சமூகத்தின் பெயரையும் அது தாங்கி நின்றது.

வாயிலாக அமைந்த போட்டி

மேற்கு ஐரோப்பிய இளைஞருக்கு இப்போட்டி எத்தகைய வாயிலாக அமைந்தது என்பதற்குப் பெலிச்சே ஜிமொண்டியின் வாழ்வு தக்க சான்றாகும். வட இத்தாலியின் பெர்கமோ நகரை அடுத்த கிராமம் ஒன்றிலே 1942 இல் பிறந்தவர் அவர். தாயார் தபால் விநியோகம் செய்பவர். மகனும் துவிச்சக்கரவண்டியில் தபால் கொண்டு சென்று தாய்க்கு உதவியவர். 1964 இல் எதிர்காலச் சுற்றோட்டத்தை வென்ற ஜிமொண்டி, அடுத்த ஆண்டே, தம் முதலாவது தொழின்முறைப் பருவத்திலேயே, பிரான்ஸ் சுற்றோட்டத்தையும் வென்றார். அவருக்குப் பின்னால் 1964 இல் இரண்டாமிடம் பெற்ற லூசியன் எமார் 1966 இல் பிரான்ஸ் சுற்றோட்ட முதல்வரானார். மூன்றாண்டு இடைவெளியுள் ‘எதிர்காலம்’ என்ற பெயர் இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது.

1969 இல் வென்ற ஒல்லாந்து நாட்டவரான யூப் சூட்டமெல்க்கும் இவ்வழியே வந்தவர். தச்சுத் தொழில் பயின்றவரான அவர், 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அணிநேரவோட்டத்தில் தங்கம் வென்ற நால்வருள் ஒருவர். பிரான்ஸ் சுற்றோட்ட வெற்றி அவருக்கு 1980 இலேயே கிட்டியது. காலம் தாழ்ந்த போதிலும் அவர் முயல்வதற்கு வழி திறந்தே இருந்தது. பதினோராண்டு காத்திருக்கும் உரிமை அவருக்கு இருந்தது எனலாம்.

மதிலாக அமைந்த போட்டி

அதே உரிமை செர்கேய் சுக்கோருச்சென்கோவுக்கு இருக்கவில்லை. 1956 இல் பிறந்த இச்சோவியத் வீரர், 1978, 1979 ஆகிய ஈராண்டுகளிலும் எதிர்காலச் சுற்றோட்டத்தை வென்றார். 1979 இல் சமாதான ஓட்டத்தையும் வென்றார். 1980 ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கின் நெடுஞ்சாலை ஓட்டத்தில், ஏனையோரை ஏறத்தாழ மூன்று நிமிடம் பின்னே விட்டுத் தங்கப்பதக்கம் பெற்றார். அன்றைய அமெச்சூர் உலகில் அவருக்கு நிகரானவர் அரியர். மேற்கில் பிறந்திருப்பின், இருபத்து நான்கு வயதில் பெரும் வணிக அணியொன்றின் தலைவராகப் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் அவர் காட்சியளித்திருக்கக் கூடும். ஆயின் அவர் வென்ற போட்டிக்கு அப்பால் அவருக்கு வேறு போட்டி இல்லை. ஜிமொண்டி ஏறிய படியே சுக்கோருச்சென்கோவின் உச்சியாக அமைந்தது.

இந்நிலையை ஒருபக்கமாக மட்டும் நோக்குதல் பொருத்தமன்று. மேலை நாட்டுப் பத்திரிகைகள் சோவியத் வீரரைப் ‘போலி அமெச்சூர்’ எனக் குறை கூறின. முழுநேரப் பயிற்சி பெற்று முதிர்ந்தவர்கள், தொழிலுக்கும் பயிற்சிக்கும் இடையே அல்லலுற்ற மேலை நாட்டு இளைஞரை எதிர்கொண்டமை சமநிலைப் போட்டியன்று என்பது உண்மையே. மறுபுறத்தில், அவ்வரசாதரவு இல்லையேல் அவ்வீரர்களுட் பலர் இவ்விளையாட்டினுள் நுழைந்தேயிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. பயிற்சியின் சுமையை அவர்களிடமிருந்து அகற்றிய அதே அரசு, தம் எதிர்காலத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையையும் அவர்களிடமிருந்து அகற்றியது.

1989 இல் இத்தாலியின் ‘அல்பா லும்’ என்னும் தொழின்முறை அணி சோவியத் வீரர்களை அமர்த்தியபோது, சுக்கோருச்சென்கோவும் அவர்களுள் ஒருவரானார். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். அவர் நின்ற இடத்தில் கதவு திறந்தது. காலமோ கடந்து விட்டது. 1983 இல் எதிர்காலச் சுற்றோட்டத்தை வென்ற கிழக்கு ஜேர்மனியரான ஒலாப் லுட்விக்கின் நிலை சற்று வேறானது. 1988 இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், பேர்லின் மதில் வீழ்ந்தபின் தொழின்முறை வீரராகி, 1990 ஆம் ஆண்டுப் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் முன்னணி வேகவீரருக்குரிய பச்சைச் சட்டையைப் பெற்றார். நான்காண்டு இளையவராயிருந்தமை அவருக்குக் கைகொடுத்தது.

அந்தீஸ் மலையிலிருந்து வந்தவர்கள்

இப்போட்டியின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் 1980 இல் நிகழ்ந்தது. ஒலிம்பிக் தங்கத்துடன் வந்த சுக்கோருச்சென்கோவைப் பின்தள்ளி, கொலம்பியரான அல்பொன்சோ புளோரெஸ் முதலிடம் பெற்றார். ஐரோப்பிய நாடுகளுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் இப்போட்டியை வென்றமை இதுவே முதற்றடவை.

இவ்வெற்றி தற்செயலானதன்று. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. பிரான்ஸ் சுற்றோட்டத்தின் புகழ்பெற்ற உயர்கணவாயான கலிபியேயின் உயரம் 2,642 மீற்றர். ஐரோப்பிய வீரர் மூச்சுத் திணறி ஏறி அடையும் உயரத்தில்தான் கொலம்பிய இளைஞன் பிறந்து, வளர்ந்து, பாடசாலைக்குச் சென்று வந்தான். ஐதான காற்றிலே வாழ்வதற்கு அவனது குருதி பழகியிருந்தது.

புவியியல் மட்டும் வீரரை உருவாக்கிவிடுவதில்லை. 1948 இல் மக்கள் தலைவரான ஹோர்ஹே எலியேசெர் காயித்தான் கொல்லப்பட்டதன் பின் அந்நாட்டில் உள்நாட்டு வன்முறை கட்டுக்கடங்காது பரவியது. அச்சூழலிலேயே ‘எல் தியெம்போ’ பத்திரிகையின் ஆதரவுடன் 1951 இல் கொலம்பியச் சுற்றோட்டம் ஆரம்பமாயிற்று. சேறும் கல்லும் நிறைந்த அந்நாட்டின் வீதிகளில் இத்தகைய போட்டி இயலுமா என்ற ஐயம் எழுந்தபோது, 3,600 மீற்றருக்கும் உயர்ந்த லெத்ராஸ் கணவாயை முன்கூட்டியே கடந்து காட்டியவர் எப்ராயின் பொரேரோ. உப்புச் சுரங்கங்களாற் பெயர்பெற்ற சிப்பாகிரா நகரைச் சேர்ந்த அவரே முதலாவது சுற்றோட்டத்தையும் வென்றார். வானொலி வாயிலாக அப்போட்டி மலைக்கிராமங்களை எட்டியது. ஒருவரையொருவர் அஞ்சிய பிரதேசங்களை ஒரே வீதியின் செய்தி இணைத்தது. உழவர் மக்களுக்குச் செலவு குறைந்த போக்குவரத்துச் சாதனமாயிருந்த துவிச்சக்கரவண்டி, அவர்களது பெருமையின் சின்னமாகவும் மாறியது.

கொலம்பியரும் ‘அமெச்சூர்’ என்ற சொல்லின் முரண்பாட்டிலிருந்து தப்பவில்லை. ‘கொச்சீசே’ எனப் புகழ்பெற்ற மார்ட்டீன் எமிலியோ ரொட்ரிகெஸ், 1971 இல் ஓடுதளத் துரத்தோட்டத்தில் உலக அமெச்சூர் முதல்வரானவர். அவர் தொழின்முறையாளர் என்ற குற்றச்சாட்டு எழுந்தமையால், 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற் பங்குகொள்ளும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. அரசின் உதவியால் முழுநேரம் பயின்றவர் அமெச்சூர் எனவும், வணிகத் தொடர்பு கூறப்பட்ட வறிய நாட்டு இளைஞன் அமெச்சூர் அல்லன் எனவும் கொள்ளப்பட்ட விசித்திரத்தை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும். புறத்தே நிறுத்தப்பட்ட அவர் 1973 இல் இத்தாலியின் பியாங்கி அணியிற் சேர்ந்து, அதே ஜிமொண்டியின் தோழராக ஓடினார்.

புளோரெஸின் வெற்றிக்கு மூன்றாண்டின் பின், 1983 இல், பிரான்ஸ் சுற்றோட்டம் அமெச்சூர் அணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வழைப்பை ஏற்று வந்த ஒரே அணி கொலம்பிய அணியே. சோஷலிச நாடுகளின் அணிகள் வரவில்லை. 1984 இல் அல்ப் துவேஸ் மலையுச்சியில் முடிவுற்ற கட்டத்தில், பிரான்ஸின் பெருவீரர்களான லொரான் பின்யோனையும் பேர்னார் இனோவையும் விட்டு விலகி ஏறி வென்றவர் லூயிஸ் ஹெரேரா. மலர்த்தோட்டங்களில் வேலை செய்தவராதலால் ‘சிறு தோட்டக்காரன்’ எனத் தம் நாட்டில் அழைக்கப்பட்ட அவர் அன்றும் அமெச்சூர் வீரரே. 1985 இல் மார்ட்டீன் ரமிரெஸ் எதிர்காலச் சுற்றோட்டத்தை மீண்டும் கொலம்பியாவுக்கு ஈட்டினார். 1987 இல் ஹெரேரா ஸ்பானியச் சுற்றோட்டத்தை வென்று, ஐரோப்பாவின் மூன்று பெருஞ் சுற்றோட்டங்களுள் ஒன்றை வென்ற முதலாவது தென்னமெரிக்கரானார். 2019 இல் ஈகன் பெர்னால் பிரான்ஸ் சுற்றோட்டத்தையே வென்றார். அவர் 2017 இல் எதிர்காலச் சுற்றோட்டத்தை வென்றவர். பொரேரோவின் சிப்பாகிராவில் வளர்ந்தவர். 1951 இல் தொடங்கிய பாதை அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் பாரிஸை அடைந்தது.

ஊதியத்திலிருந்து வயதுக்கு

1981 இல் எதிர்காலச் சுற்றோட்டம் தொழின்முறை வீரருக்கும் திறந்துவிடப்பட்டது. இதனால் போட்டியின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. 1982 இல் இருபத்தொரு வயதினரான அமெரிக்கர் கிரெக் லெமொண்ட் பத்து நிமிடத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 1986 இல் ஸ்பானியரான மிகெல் இந்துராயின் வென்றார். முன்னவர் பிரான்ஸ் சுற்றோட்டத்தை மும்முறையும், பின்னவர் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறையும் வென்றவர்கள்.

ஆயின் திறந்த கதவினூடு இளையோர் மட்டும் வரவில்லை. 1987 இல் வென்ற மார்க் மாதியோ, அதற்கு ஈராண்டு முன்னரே பாரிஸ்–ரூபே என்னும் பெரும் போட்டியில் முதல்வராக விளங்கியவர். 1988 இல் வென்ற லொரான் பின்யோனோ, 1983, 1984 ஆகிய ஆண்டுகளிலேயே பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்று முடித்தவர். கடந்தகாலத்தின் முதல்வர் எதிர்காலத்தின் பரிசைப் பெற்றார். அப்போது போட்டி ‘எதிர்காலம்’ என்ற பெயரைத் தாங்கியிருக்கவில்லை என்பது பொருத்தமே. வேலியை அகற்றினால் சமத்துவம் தானே வந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதை இது உணர்த்தும். வலியோருக்கும் எளியோருக்கும் ஒரே வாயிலைத் திறந்தால் வலியோரே முதலில் நுழைவர்.

ஆதலால் 1992 இல் இப்போட்டி இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கென வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில், 1965 முதல் அமெச்சூர், தொழின்முறை என இரண்டாகப் பிரிந்து இயங்கிய சர்வதேச அமைப்புகள் ஒன்றிணைக்கப்பட்டன. 1996 இல் ஒலிம்பிக் நெடுஞ்சாலை ஓட்டங்கள் தொழின்முறையாளருக்குத் திறக்கப்பட, அத்லாந்தாவில் நேரவோட்டத் தங்கத்தை இந்துராயின் வென்றார். 2007 முதல் எதிர்காலச் சுற்றோட்டம் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோரின் போட்டியாகவும், மீண்டும் தேசிய அணிகளின் போட்டியாகவும் அமைக்கப்பட்டது. ‘யாரிடம் ஊதியம் பெறுகிறாய்?’ என்ற பழைய வினா மறைந்தது. ‘எந்த ஆண்டிற் பிறந்தாய்?’ என்ற வினா அதன் இடத்தைப் பெற்றது. ஏழை, செல்வன், இராணுவத்தான், மாணவன் என்ற பேதமின்றி யாவருக்கும் ஒரேவிதமாகக் கழிவது வயது ஒன்றே. அவ்வகையில் புதிய விதி பழையதிலும் நேர்மையானது எனலாம்.

இம்மாற்றத்தின் பயன் கண்கூடு. 2010 இல் கொலம்பிய உழவர் குடும்பத்து நைரோ கின்டானாவும், 2018 இல் சுலோவேனியரான தடேய் பொகாச்சாரும், 2023 இல் மெக்சிக்கோவைச் சேர்ந்த இசாக் டெல் டோரோவும் வென்றனர். 1980 முதல் 2017 வரை கொலம்பியர் அறுவர் முதலிடம் பெற்றுள்ளனர். இப்போட்டியையும் பிரான்ஸ் சுற்றோட்டத்தையும் வென்றோர் ஜிமொண்டி, சூட்டமெல்க், லெமொண்ட், இந்துராயின், பின்யோன், பெர்னால், பொகாச்சார் ஆகிய எழுவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அமெச்சூர் என்ற கோட்பாடு எக்காலத்தும் தூய இலட்சியமாக இயங்கவில்லை என்பது தெளிவு. இங்கிலாந்தில் அது உழைப்பாளியை விலக்கியது. கிழக்கு ஐரோப்பாவில் வீரனை அரசோடு பிணைத்தது. கொலம்பியரான ரொட்ரிகெஸுக்கு ஒலிம்பிக் வாயிலை அடைத்தது. எனினும் அதே கோட்பாட்டின் நிழலில், தேசிய அணிகளைக் கொண்டு நடத்தப்பட்ட இளையோர் போட்டியொன்றே, வணிக உலகம் அறியாத மலைநாட்டு இளைஞரைப் பிரான்ஸின் வீதிகளுக்கு அழைத்து வந்தது. இம்முரணே இப்போட்டியின் வரலாற்றுச் சிறப்பாகும்.

அவ்வரலாறு இன்னும் நிறைவுறவில்லை. பெண்களுக்கான எதிர்காலச் சுற்றோட்டம் 2023 இலேயே ஆரம்பமாயிற்று. அறுபத்திரண்டு ஆண்டுகளாக ‘எதிர்காலம்’ என்ற சொல் இளைஞரை மட்டுமே குறித்தது, யுவதிகளைக் குறிக்கவில்லை. 2025 வரையுள்ள ஆண்களின் வெற்றியாளர் வரிசையில் ஆசிய நாட்டவரோ ஆபிரிக்க நாட்டவரோ ஒருவரேனும் இல்லை. 2025 ஆம் ஆண்டின் வெற்றியாளர் பதினெட்டு வயதிலேயே உயர்நிலைத் தொழின்முறை அணியொன்றைச் சேர்ந்தவராயிருந்தார் என்பது, எழுதப்பட்ட விதி மறைந்த இடத்தில் எழுதப்படாத விதிகள் வளர்ந்து வருவதைப் புலப்படுத்தும். நல்ல வண்டி, நல்ல பயிற்றுநர், இளவயதிலேயே ஒருவரைக் கண்டெடுக்கும் நிறுவனம் என்பன எங்கு உள்ளனவோ அங்குள்ள இளைஞனுக்கே எதிர்காலம் முதலில் அறிமுகமாகின்றது. அல்பொன்சோ புளோரெஸ் 1980 இல் வென்றபோது, அவரைப் போன்ற ஒருவர் வெல்லக்கூடும் என ஐரோப்பா எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் வருவதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, அவரும் வந்தார். ஏனைய நாடுகளின் இளைஞருக்கும் யுவதிகளுக்கும் அத்தகைய இடம் ஒதுக்கப்படும் அளவுக்கே இப்போட்டி தன் பெயருக்கு உரியதாகும்.